சூரியனுக்கு சுவிட்ச் கிடையாது: மோட்டார்ஹோமில் லீஷர் பேட்டரி மாற்றுவது

என் டூல் பாக்ஸில் ஒரு 13 நம்பர் ஸ்பேனர் கிடக்கிறது. கழுத்துப் பக்கம் எலி கடித்த மாதிரி ஒரு பள்ளம், அதைச் சுற்றி நீலம் பாரித்த இரும்பு. முதல்முதலாக மோட்டார்ஹோமில், அதாவது படுத்து, சமைத்துத் தங்குகிற வீட்டு வண்டியில், லீஷர் பேட்டரியை (இன்ஜினுக்கு இல்லாமல் உள்ளே லைட், பம்ப் ஓட்டுகிற பேட்டரி) கழற்றிய நாளில் விழுந்த தழும்பு அது. பிளஸ் போல்ட்டை முதலில் தளர்த்தினேன். ஸ்பேனரின் மறுமுனை சீட்டின் இரும்புச் சட்டத்தில் பட்டது. பட்டது என்றுகூடச் சொல்ல முடியாது, உரசியது. ‘சடக்’கென்று ஒரு சத்தம், வெல்டிங் பட்டறை வாசனை, கண்ணுக்குள் ஒரு பச்சைப் புள்ளி. கையை உதறியதில் ஸ்பேனர் எங்கோ போய் விழுந்தது.

12 வோல்ட்தானே, தொட்டால்கூட ஷாக் அடிக்காதே என்று நினைத்திருந்தவன் நான். ஷாக் அடிக்காது, உண்மைதான். ஆனால் 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரி ஷார்ட் ஆனால் ஆயிரம் ஆம்பியருக்கு மேல் கொட்டும். இரும்பை ஒட்டவைக்கிற வெல்டிங் மெஷினுக்கே 100, 150 ஆம்பியர் போதும். விரலில் மோதிரமோ கையில் உலோகப் பட்டை வாட்சோ இருந்து அதன் வழியாக அந்தக் கரண்ட் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். முதல் வேலை, அதையெல்லாம் கழற்றி வைப்பது. இரண்டாவது, ஸ்பேனரில் வாய் மட்டும் தெரிகிற மாதிரி மீதி முழுவதும் இன்சுலேஷன் டேப் சுற்றுவது. மூன்றாவது, கண்ணாடி. மூக்குக்கண்ணாடி போதாது, பக்கவாட்டையும் மூடுகிற பாதுகாப்புக் கண்ணாடி.

மைனஸை முதலில் கழற்றுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். காரணம் எளிது. பெரும்பாலான வண்டிகளில் உடம்பு முழுக்க மைனஸ். மைனஸ் போல்ட்டைக் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டாலும் ஒன்றும் ஆகாது, இரண்டு பக்கமும் ஒன்றுதான். மைனஸ் போன பிறகு பேட்டரியின் பிளஸ் எங்கே பட்டாலும் சுற்று முழுமையாகாது. இது காருக்குப் போதும். கூரையில் சோலார் வைத்த மோட்டார்ஹோமுக்குப் போதாது. அதை நான் கற்றுக்கொண்டது இரண்டாவது பேட்டரியில்.

உச்சி வெயில். அக்கா மகன் டார்ச் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். இந்தத் தடவை ஒழுங்காக மைனஸ் முதலில், பிளஸ் அடுத்து என்று கழற்றி, பேட்டரியைத் தூக்கி வெளியே வைத்துவிட்டேன். பெருமையாக நிமிர்ந்தால் அவன் கூரையையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

“மாமா, பேட்டரியத்தான் எடுத்துட்டீங்களே, அப்புறம் எப்படி லைட் எரியுது?”

எரிந்தது மட்டுமில்லை, வழக்கத்தைவிடப் பளிச்சென்று எரிந்தது. நான் பதில் யோசிப்பதற்குள் அந்த எல்.இ.டி. செத்துப்போனது. சார்ஜ் கன்ட்ரோலரும் அதோடு போய்விட்டது. 12 வோல்ட் பேனல் என்று பெயர்தான். சுமை இல்லாமல் வெயிலில் அளந்தால் 21, 22 வோல்ட் காட்டும். அதைப் பிடித்து 13, 14-க்குள் அடக்கி வைத்திருப்பதில் கன்ட்ரோலருக்கு ஒரு பங்கு, பேட்டரிக்கு ஒரு பங்கு. பேட்டரியை உருவிவிட்டால் கன்ட்ரோலர் திண்டாடும், சாதாரண பி.டபிள்யூ.எம். வகை என்றால் பேனல் வோல்டேஜை அப்படியே உள்ளே விட்டுவிடவும் கூடும்.

அதனால் வேலையைப் பேட்டரியிலிருந்து தொடங்காதீர்கள். அந்தப் பிளஸ் கேபிளுக்கு எங்கெங்கிருந்து கரண்ட் வருகிறது என்று எண்ணுவதிலிருந்து தொடங்குங்கள்.

பேட்டரிதான் போய்விட்டதா?

புதியது வாங்குமுன் ஒரு நாள் செலவழித்துப் பழையதைச் சோதியுங்கள். முழுதாக சார்ஜ் செய்து, எல்லாவற்றையும் துண்டித்து, ஒரு ராத்திரி சும்மா விட்டு, காலையில் மல்டிமீட்டரை வைத்தால் நல்ல லெட் ஆசிட் பேட்டரி 12.7 பக்கம் நிற்கும். 12.2 என்றால் பாதிதான் மிச்சம். நிற்கிற வோல்டேஜ் மட்டும் நம்பத்தக்கது அல்ல. என் இரண்டாவது பேட்டரி காலையில் 12.6 காட்டும், தண்ணீர் பம்ப்பைப் போட்டதும் 10-க்கு விழும். உள்ளே ஒரு செல் போயிருந்தது. ஒரு செல்லுக்கு 2 வோல்ட், ஆறு செல். ஒன்று படுத்தால் கணக்கு அப்படித்தான் வரும்.

மாறாக, பேட்டரி முனையில் 12.6 இருந்து, பம்ப் வயரில் 11.5 இருந்தால் குற்றவாளி பேட்டரி இல்லை. தளர்ந்த போல்ட், பச்சை பூத்த லக் (கேபிள் முனையில் இருக்கிற உலோக வளையம்), கருகின ஃபியூஸ் ஹோல்டர் இதில் ஏதோ ஒன்று. இப்படி நல்ல பேட்டரியைத் தூக்கி எறிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

புதியது வாங்கும்போது ஆம்பியர்-மணியைவிட முதலில் பார்க்க வேண்டியது பெட்டியின் அளவும், பிளஸ் எந்தப் பக்கம் என்பதும். 353 × 175 × 190 மில்லிமீட்டர் பெட்டி நிறைய வண்டிகளில் சீட்டுக்கு அடியில் உட்காரும். அதே அளவிலேயே பிளஸ் இடம் மாறின மாடல்கள் உண்டு. மாறியிருந்தால் உங்கள் கேபிள் எட்டாது, எட்டவைக்க இழுத்துக் கட்டினால் ஏதாவது கூர்முனையில் தேயும். இரண்டு பேட்டரி பேரலலில் இருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்று கிழம், ஒன்று இளசு என்றால் கிழம் இளசையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும்.

லித்தியத்துக்கு மாறுகிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும்: அது வெறும் பேட்டரி மாற்றம் இல்லை. எடை பாதிக்கும் குறைவு, 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் 25 கிலோவுக்கு மேல் இருக்கும் இடத்தில் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் 10, 13 கிலோவில் முடிந்துவிடும். ஆனால் உறைநிலைக்குக் கீழே, அதாவது 0 டிகிரிக்குக் கீழே, அதை சார்ஜ் செய்யக் கூடாது. இன்ஜின் ஆல்டர்னேட்டரோடு வெறும் ரிலே (தானாகச் சேர்ந்து பிரிகிற சுவிட்ச்) வழியாகச் சேர்த்தால் அது தாகத்தில் குடிக்கிற வேகத்தில் ஆல்டர்னேட்டர் சூடேறிவிடும், இடையில் கரண்டை அளவாக விடுகிற பி டு பி சார்ஜர் (பேட்டரி டு பேட்டரி) வேண்டும். சோலார் கன்ட்ரோலருக்கும், வெளியே இருந்து வரும் வீட்டு மின்சாரத்தில் ஓடுகிற மெயின்ஸ் சார்ஜருக்கும் லித்தியம் செட்டிங் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த மூன்றுக்கும் பதில் இல்லாமல் லித்தியம் வாங்காதீர்கள்.

ஒவ்வொன்றாக ஊமையாக்குவது

ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தால் முதலில் அதை அணையுங்கள். டீசல் ஹீட்டர் அணைத்த பிறகும் சில நிமிஷம் ஃபேன் ஓடித் தன்னைக் குளிரவைத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் கரண்டைப் பிடுங்கினால் உள்ளே வெந்துபோகும். பாய்லர் இருந்தால் இன்னொரு விஷயம். சில மாடல்களில் டிரெயின் வால்வை மூடிப் பிடித்திருப்பதே கரண்ட்தான். கரண்ட் போனதும் வால்வு திறந்து வெந்நீர் முழுவதும் வண்டிக்கு அடியில் கொட்டும். நான் அப்போது வண்டிக்கு அடியில் ஒரு விழுந்த நட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. கேஸ் சிலிண்டரையும் மூடிவிடுங்கள்.

மெயின்ஸ் கேபிளைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் போதாதா என்றால், நான் பிடுங்குகிற கட்சி. பிளக் கண் முன்னால் தரையில் கிடந்தால் சந்தேகமே வராது. இன்வெர்ட்டரை அதன் சொந்த சுவிட்சிலேயே அணையுங்கள். இன்ஜின் சாவி கையில் இருக்கட்டும், வண்டியில் வேண்டாம். ஸ்டார்ட்டர் பேட்டரியிலிருந்து லீஷர் பக்கத்துக்கு வருகிற கேபிள் ஒன்று உண்டு. சில ரிலேக்கள் இரண்டு திசையிலும் வேலை செய்யும். அந்த கேபிளில் ஸ்டார்ட்டர் பேட்டரி பக்கம் இருக்கிற ஃபியூஸைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டால் அந்த வாசலும் மூடிவிடும்.

இப்போது சோலார். மற்ற எல்லாவற்றுக்கும் சுவிட்ச் இருக்கிறது. சூரியனுக்குக் கிடையாது. பேனலுக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவில் ஒரு டி.சி. பிரேக்கர் இருந்தால் அதைத் தட்டிவிடுங்கள். டி.சி. என்று அழுத்திச் சொல்கிறேன். வீட்டு ஏ.சி. பிரேக்கரை அங்கே மாட்டி வைத்திருக்கிறவர்கள் உண்டு. ஏ.சி.யில் கரண்ட் விநாடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொடும், அதில் தீப்பொறி தானே அணையும். டி.சி.யில் பூஜ்யமே இல்லை, பொறி பற்றிக்கொண்டு நிற்கும். இதே காரணத்தால்தான் கூரைமேல் ஏறி, வெயிலில் கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும் எம்.சி.4 கனெக்டரை (பேனல் வயர்களைச் சேர்க்கும் பிளக்) இழுத்துப் பிரிக்கக் கூடாது.

பிரேக்கர் இல்லையா? பேனல்மேல் தடிப்பான கம்பளியோ அட்டையோ போட்டு முழுவதும் மூடுங்கள். மெல்லிய துணி போதாது. அதற்குப் பிறகு கன்ட்ரோலரில் பேனல் என்று எழுதியிருக்கும் இரண்டு வயர்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, முனையில் டேப் சுற்றி, தனித்தனித் திசையில் மடக்கி வையுங்கள். மூன்று பேனல் சீரீஸில் இருந்தால் 60 வோல்ட்டைத் தாண்டும், அது ஷாக் அடிக்கும். நான் இப்போதெல்லாம் விடிவதற்கு முன்னால் நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு இதை முடித்துவிடுகிறேன். கம்பளியும் மிச்சம்.

கன்ட்ரோலர் விஷயத்தில் மனதில் போட்டுக்கொள்ள வேண்டிய வரிசை: பேனல் முதலில் போகும், கடைசியில் வரும். பேட்டரி கடைசியில் போகும், முதலில் வரும். நிறைய கன்ட்ரோலர்கள் இது 12 வோல்ட்டா 24-ஆ என்பதைப் பேட்டரியைப் பார்த்துத்தான் முடிவு செய்யும். பேனலை முதலில் காட்டினால் தப்பாக முடிவு செய்துவிடும்.

கழற்றுவது

தொடுவதற்கு முன் போனில் நாலு கோணத்தில் படம் எடுங்கள். பிளஸ் முனையில் பெரிய கேபிள் ஒன்று மட்டும் இருக்காது. கூடவே அலாரம், படிக்கட்டு மோட்டார், கன்ட்ரோல் பேனல் என்று மெல்லிய வயர்கள் கோர்த்திருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி எழுதிவிடுங்கள். பேட்டரியின் பக்கத்தில் டெம்பரேச்சர் சென்சார் ஒட்டியிருந்தால் அதையும் நிதானமாக உரித்தெடுங்கள், பழைய பேட்டரியோடு போய்விடும். ஈரப் பேட்டரியில் (உள்ளே ஆசிட் திரவமாகவே இருக்கிற வகை) ஒரு மெல்லிய வென்ட் டியூப் வெளியே போகும். சார்ஜ் ஆகும்போது வருகிற ஹைட்ரஜன் அதன் வழியாகத்தான் வண்டிக்கு வெளியே போகிறது. காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே அது பற்றிக்கொள்ளும். அதனால் வேலைக்கு முன்னால் கதவையெல்லாம் திறந்து ஒரு பத்து நிமிஷம் காற்றோட விடுங்கள்.

மைனஸைக் கழற்றி, லக்கில் ஒரு பழைய துணிக் கையுறையை மாட்டி ஓரமாக வையுங்கள். இப்போது பிளஸ். கழற்றின பிளஸ் கேபிளுக்கும் வண்டி பாடிக்கும் நடுவே மல்டிமீட்டரை வையுங்கள். இந்த ஒரு அளவுக்காகத்தான் நான் இத்தனை நீளமாக எழுதுகிறேன். 11, 9, 6 என்று மெல்ல இறங்கினால் இன்வெர்ட்டரின் உள்ளே கொஞ்சம் கரண்டைத் தேக்கி வைக்கிற கெப்பாசிட்டர் காலியாகிறது, பொறுங்கள். 12, 13-லேயே நின்றால் ஏதோ ஒன்று இன்னும் ஊட்டிக்கொண்டிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கும் வரை பேட்டரியை அசைக்க வேண்டாம். பூஜ்யம் வந்த பிறகு அந்த லக்கிலும் டேப் சுற்றுங்கள்.

தூக்குவது இருவர் வேலை. சீட்டுக்கு அடியில் குனிந்து, முதுகை முறுக்கி, 27 கிலோவை ஒற்றை ஆளாக இழுப்பது இடுப்புக்கு நல்லதில்லை. சாய்க்காதீர்கள். கீழே ஆசிட் சிந்தியிருந்தால் சோடா உப்பைத் தூவி, நுரை அடங்கினதும் தண்ணீரில் துடையுங்கள். தோலில் பட்டால் சோடா உப்பு தேட வேண்டாம், ஓடுகிற தண்ணீரில் கழுவிக்கொண்டே இருங்கள்.

மாட்டுவது

தட்டைத் துடைத்து, புதியதை உட்கார்த்தி, முதலில் பெல்ட்டோ கிளாம்ப்போ இறுக்குங்கள். வயர் மாட்டின பிறகு இறுக்கலாம் என்று நினைக்காதீர்கள், மறந்துபோகும். திடீர் பிரேக்கில் அது சீட்டுக்கு அடியிலிருந்து புறப்பட்டால் எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. ஈர வகை என்றால் வென்ட் டியூப்.

போல்ட் வகை முனை என்றால் வரிசை முக்கியம்: பேட்டரி முனை, அதன்மேல் நேராகப் பெரிய கேபிளின் லக், அதன்மேல் சின்ன லக்குகள், அதன்மேல்தான் வாஷர், ஸ்பிரிங் வாஷர், போல்ட் தலை. வாஷரை லக்குக்கு அடியில் போடுகிறவர்கள் ஏராளம். நானே ஒரு நண்பரின் வண்டியில் பார்த்தேன். இன்வெர்ட்டரில் கெட்டில் போட்டதும் மின்சாரம் முழுவதும் ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாஷர் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் செம்பைப் போலக் கடத்தாது. பிளாஸ்டிக் மூடி உருகி, லக்கின் செம்பு வானவில் நிறத்தில் இருந்தது. எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது பேட்டரியோடு வந்த தாளில் இருக்கும். ஈய முனையில் பலத்தைக் காட்டினால் மரை போய்விடும்.

பிளஸ் முனையிலிருந்து கை நீளத்துக்குள் மெயின் ஃபியூஸ் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். ஃபியூஸ் காப்பாற்றுவது இன்வெர்ட்டரை அல்ல, கேபிளை. 1000 வாட் இன்வெர்ட்டர் 12 வோல்ட்டில் 83 ஆம்பியர் இழுக்கும், நஷ்டத்தையும் சேர்த்தால் நூறை நெருங்கும். 35 சதுர மில்லிமீட்டர் கேபிளில் 125 ஆம்பியர் ஃபியூஸ் என்பது என் வண்டியின் கணக்கு. உங்கள் கேபிள் மெல்லியது என்றால் ஃபியூஸும் சின்னதாக வேண்டும்.

பேட்டரி மானிட்டருக்கு ஷன்ட் (போகிற வருகிற கரண்டை அளக்கிற துண்டு) வைத்திருந்தால் பேட்டரியின் மைனஸ் முனைக்கு ஒரே ஒரு கேபிள்தான் வர வேண்டும், ஷன்ட்டிலிருந்து வருவது. வேறு எந்த மைனஸும் நேராகப் பேட்டரிக்கு வந்தால் அது செலவழிப்பது மானிட்டருக்குத் தெரியாது.

கழற்றியதற்குத் தலைகீழ்: பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். அந்தக் கடைசித் தொடுதலில் இன்வெர்ட்டர் கெப்பாசிட்டர் ஒரே மூச்சில் நிரம்புவதால் ‘டப்’ என்று ஒரு பொறி வரும். அதைத் தவிர்க்க நான் ஒரு பழைய 12 வோல்ட் இண்டிகேட்டர் பல்பு வைத்திருக்கிறேன், எல்.இ.டி. இல்லை, இழை பல்பு. அதன் ஒரு வயரை மைனஸ் முனையிலும் இன்னொன்றை மைனஸ் கேபிளிலும் பிடித்தால் பளிச்சென்று எரிந்து, ஒன்றிரண்டு விநாடியில் மங்கி அணையும். அணைந்ததும் கேபிளை மாட்டிவிடலாம், பொறி வராது. அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ ஒரு சுவிட்ச் அணைக்காமல் இருக்கிறது, அல்லது ஷார்ட். மாட்டாமல் தேடுங்கள். இந்தப் பழைய பல்பு எனக்கு ஒரு தடவை நசுங்கின வயர் ஒன்றைக் காட்டிக்கொடுத்திருக்கிறது.

லித்தியம் பேட்டரி பெட்டியிலிருந்து வரும்போது பூஜ்யம் காட்டினால் பயப்பட வேண்டாம். உள்ளே இருக்கிற பி.எம்.எஸ். (செல்களைக் காவல் காக்கும் சர்க்யூட்) தூங்குகிறது, சார்ஜரைக் கொடுத்தால் எழும்.

திரும்பக் கொண்டுவருவது

கன்ட்ரோலர் திரை உயிர் பெற்று 12 வோல்ட் என்று காட்டினதும் செட்டிங்கைப் பாருங்கள். பேனலுக்கு முன்னால் இது. சார்ஜ் வோல்டேஜ், ஏ.ஜி.எம். (ஆசிட்டைக் கண்ணாடி நார்ப் பாயில் உறிஞ்சி வைத்த வகை) என்றால் 14.4 முதல் 14.7 வரை, ஜெல் (ஆசிட் கூழாக இருக்கிற வகை) அதைவிடச் சற்றுக் குறைவு, லித்தியம் 14.2 முதல் 14.6. பேட்டரியின் தாளில் உள்ள எண்தான் கடைசி வார்த்தை. லித்தியத்துக்கு ஈக்வலைஸ் என்ற, வேண்டுமென்றே வோல்டேஜை ஏற்றி சார்ஜ் செய்கிற வசதி அணைந்திருக்க வேண்டும். மெயின்ஸ் சார்ஜரிலும் இதே மாற்றத்தைச் செய்யுங்கள், அது ஒரு மூலையில் ஒளிந்திருப்பதால் எல்லோரும் மறப்பது அதைத்தான்.

அதன்பிறகு பேனல் வயர்கள், பிரேக்கர், கம்பளியை எடுத்தல். கன்ட்ரோலர் சொல்கிற பேட்டரி வோல்டேஜும், பேட்டரி முனையில் நீங்கள் அளக்கிறதும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். சார்ஜ் ஓடும்போது கால் வோல்ட் வித்தியாசம் இருந்தாலே நடுவில் ஏதோ ஒரு இணைப்பு சரியில்லை. ஸ்டார்ட்டர் பக்க ஃபியூஸைத் திரும்பப் போடுங்கள். நான் ஒரு தடவை அதைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு இரண்டு நாள் ஓட்டினேன், ஏன் ஓட்டும்போது சார்ஜ் ஏறவில்லை என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டு. மானிட்டரில் புதிய ஆம்பியர்-மணியைக் கொடுத்து, பேட்டரி முழுதாக நிரம்பினதும் 100 என்று ஒத்துப்போக வையுங்கள்.

கடைசியாக இன்வெர்ட்டரில் ஒரு நல்ல சுமையைப் பத்து நிமிஷம் ஓட்டி, அணைத்துவிட்டு, ஒவ்வொரு லக்கின் பக்கத்திலும் கேபிளைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். எல்லாம் ஒரே வெதுவெதுப்பாக இருந்தால் சரி. ஒன்று மட்டும் சுட்டால் அதைக் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டுங்கள்.

பழைய பேட்டரியின் இரண்டு முனையிலும் டேப் ஒட்டி, நிமிர்த்தி வைத்து மறுசுழற்சிக்குக் கொடுத்துவிடுங்கள். குப்பையில் போட வேண்டாம். முதல் நீண்ட ஓட்டம் முடிந்த பிறகு ஒரு தடவை எல்லா போல்ட்டையும் சரிபாருங்கள். மூன்றாவது பேட்டரியில் என் பிளஸ் போல்ட் கால் சுற்று இறங்கியது, டேப் சுற்றிய அதே 13 நம்பரில்.